அடகும் சூரணமும்: அன்றாடக் கீரைப்பொடிப் பழக்கமும் ஜவ்வாது மலையின் கீரையறிவும்

ஆய்வுச்சுருக்கம்

நேர நெருக்கடி மிகுந்த வாழ்க்கைக்கு ஏற்ற எளிய வழியாகக் கீரைப்பொடி இன்று முன்வைக்கப்படுகிறது. ஒரு தேக்கரண்டிப் பொடியை நீரில் கலந்து அருந்தினால் அன்றைய கீரைத் தேவை நிறைவேறிவிடும் என்னும் எண்ணமும் பரவியுள்ளது. தமிழர் வழக்கில் இலை இரண்டு நிலைகளில் பயன்பட்டு வந்துள்ளது. உணவாக நின்றபோது அது அடகு, கீரை எனப் பெயர் பெற்றுக் கைப்பிடி அளவில் நாள்தோறும் உண்ணப்பட்டது. மருந்தாக நின்றபோது சூரணமாகி, விரல்நுனி அளவில், குறித்த நாள்களுக்கு மட்டும் உட்கொள்ளப்பட்டது. இன்றைய கீரைப்பொடி மருந்தின் அளவையும் உணவின் கால ஒழுங்கையும் ஒருசேர ஏற்றுக்கொண்ட புதிய பொருளாகும். இக்கலப்பினால் சத்தின் அளவு, இலையின் பெயர், இலையைப் பறிப்போரின் உழைப்பு ஆகிய மூன்றும் பார்வையிலிருந்து மறைவதை ஜவ்வாது மலைச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கீரைப்பொடி, அடகு, சூரணம், ஜவ்வாது மலை, மலையாளிப் பழங்குடியினர், முருங்கை, மரபறிவு

முன்னுரை

காலையில் அலுவலகத்திற்கும் ஆலைக்கும் விரைவோருக்குக் கீரை சமைத்தல் எளிதன்று. கட்டை அவிழ்த்து, புல்லும் பழுத்த இலையும் நீக்கி, மண் போகப் பலமுறை அலசி, நறுக்கி வேகவைத்துக் கடைவதற்குள் ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது. இதனால் வாரத்தில் ஒருநாள்கூடக் கீரை சமைக்காத வீடுகள் பெருகிவருகின்றன. இந்த இடைவெளியில்தான் கீரைப்பொடி நுழைகிறது. முருங்கையிலைப் பொடி, பல இலைகள் கலந்த பச்சைப்பொடி, கோதுமைப்புல் பொடி எனப் பல பெயர்களில் கிடைக்கும் இப்பொருள், கீரை உண்ண நேரமில்லாதவருக்குக் கீரையின் பயனை மட்டும் தருவதாகக் கூறிக்கொள்கிறது.

இக்கூற்றை முற்றும் ஏற்பதோ முற்றும் மறுப்பதோ பொருந்தாது. உலர்ந்த இலையில் சத்து உண்டு. ஆயினும் எவ்வளவு உண்டு, எது எஞ்சியது, எது போயிற்று, எந்த இலை, யார் பறித்தது என்னும் வினாக்களுக்கு விடை தெரிந்த பின்னரே அதன் பயனை மதிப்பிட முடியும். இலையை உணவாகவும் மருந்தாகவும் நெடுங்காலம் கையாண்டுவந்த தமிழ் மரபும், இன்றும் மழையை நம்பி வேளாண்மை நிகழும் ஜவ்வாது மலையின் வாழ்வியலும் இவ்வினாக்களை எழுப்பத் துணைபுரிகின்றன.

ஜவ்வாது மலையும் இலை வளமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜமுனாமரத்தூர், திருப்பத்தூர் மாவட்டத்தின் புதூர்நாடு, வேலூர் மாவட்டத்தின் பீஞ்சமந்தை ஆகியன இம்மலையின் முக்கிய ஊர்கள். நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மரப்பெயர்களைத் தாங்கிய நாட்டுப்பிரிவுகளும் இங்கு உள்ளன. மக்களுள் பெரும்பான்மையோர் பட்டியல் பழங்குடியினராகிய மலையாளிகள். மலையை ஆள்வோர் அல்லது மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்திற்கும் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது மலையாளிகளிடையே வழிவழியாக வழங்கிவரும் கதையாகும்.

சாமையும் கேழ்வரகும் இம்மலையின் முதன்மையான உணவுப் பயிர்கள். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் நம்பி நடைபெறும் இம்மானாவாரி வேளாண்மையில் பயிர் நிலமே கீரை நிலமுமாகும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை போன்றவை வடதமிழகத்து மானாவாரி நிலங்களில் விதைக்காமலே முளைப்பவை. வேளாண் நூல்கள் இவற்றைக் களைகள் என வகைப்படுத்துகின்றன. சமையலறையோ இவற்றைக் கறி என்கிறது. களையெடுக்கும் பெண்கள் களைக்கொத்தோடு மடியிலும் சேர்த்துக் கொணரும் இலையே அன்றைய கீரையாகிறது. பல இலைகள் கலந்த கலவைக்கீரையைக் கடைந்து களியோடு உண்பது இம்மலையடிவார மாவட்டங்களின் பரவலான உணவுமுறை. மழை பொய்த்துத் தரைக்கீரை அருகும் கோடையில் முருங்கை, அகத்தி முதலிய மரக்கீரைகள் கைகொடுக்கின்றன.

இங்கு ஒரு கருத்து கவனத்திற்குரியது. இம்முறையில் கீரைக்கெனத் தனியாகச் செலவிடப்படும் நேரம் குறைவு. பறித்தல் வயல்வேலையோடு இணைந்தே நிகழ்கிறது. நகரத்தில் வேலையும் உணவும் இரு வேறு இடங்களில் நிகழ்வதனால்தான் கீரை நேரத்தை விழுங்கும் பண்டமாகத் தோன்றுகிறது. எனவே நேர நெருக்கடி கீரையின் இயல்பன்று. வாழிடத்திற்கும் விளைநிலத்திற்கும் இடையே ஏற்பட்ட பிரிவின் விளைவாகும்.

இலக்கியத்தில் இலைக்கறி

இம்மலைச் சூழல் சங்க இலக்கியத்திற்கும் அறிமுகமானது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், இம்மலையின் தென்னடிவாரத்திலுள்ள செங்கண்மா என்னும் இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுகிறது. ஜவ்வாது மலையில் தோன்றும் சேயாறும் அந்நூலில் இடம்பெறுகிறது. கூத்தர்க்கு வழியெங்கும் கிடைக்கும் விருந்தைப் பேசும் பகுதியில் மூங்கிலரிசியும் அவரையும் புளியும் மோரும் குறிக்கப்படுகின்றன. நிலத்தில் தானே விளைவதும் விதைத்து விளைவிப்பதும் ஒரே கலத்தில் சேரும் உணவுமுறையை இதனால் அறியலாகிறது.

கீரையைப் பற்றிய சங்கச் சான்றுகள் இருவகையாக அமைகின்றன. குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனார், தம் மனைவி குப்பைக்கீரையின் இளந்தளிரைக் கொய்து உப்பும் இன்றிச் சமைத்த வறுமையைப் புறநானூற்று 159ஆம் பாடலில் கூறுகிறார். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையிலும் குப்பையில் முளைத்த வேளைக்கீரை உப்பின்றி வேகிறது. பிறர் காணாதவாறு கதவை அடைத்துவிட்டு அக்குடும்பம் உண்கிறது. பெருங்கோப்பெண்டின் 246ஆம் பாடலில் வேளைக்கீரை கைம்மை நோன்பின் உணவாகிறது. இதற்கு மாறாக, கோப்பெருஞ்சோழன் பிசிராந்தையாரின் நாட்டைப் பேசும் 215ஆம் பாடலில் அதே வேளையின் பூவைத் தயிரில் இட்டுச் சமைத்த புளிப்புக்கூழை வரகுச் சோற்றுடன் அவரை கொய்வோர் நிறைவாக உண்கின்றனர்.

வறுமை, நோன்பு, நிறைவு எனச் சூழல் வேறுபட்டாலும் மூன்றிற்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. இலை அங்கு உணவாகவே நிற்கிறது. அதற்குப் பெயர் உண்டு, இடம் உண்டு, சமைத்தவர் உண்டு. உப்பில்லாமை வறுமையின் அடையாளமாகக் குறிக்கப்படுவதே இலை சுவைக்காகவும் உண்ணப்பட்டது என்பதைக் காட்டும். அடகு என்னும் சொல் பிற்கால இலக்கியத்திலும் இலைக்கறியையே சுட்டி நிற்கிறது.

சூரணம் என்னும் மருந்து வடிவம்

தமிழர்க்குப் பொடி புதிதன்று. பதினெண்கீழ்க்கணக்கில் திரிகடுகமும் ஏலாதியும் மருந்துப் பொருள்களின் தொகுதிகளால் பெயர்பெற்ற நூல்கள். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் திரிகடுகம். அவற்றோடு ஏலம் முதலியன சேர்ந்தது ஏலாதி. உடல்நோய்க்கு மருந்துச்சரக்குகள் போல உளநோய்க்கு நீதிக்கருத்துகள் என்னும் ஒப்புமையில் இப்பெயர்கள் அமைந்தன.

சித்த மருத்துவம் அகமருந்துகளை 32 வகையாகப் பகுக்கிறது. சூரணம் அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு வகைக்கும் வீரியம் நிற்கும் காலம் வரையறுக்கப்பட்டுள்ளது. சாறும் குடிநீரும் சில மணி நேரமே நிற்பவை. சூரணத்தின் ஆயுள் 3 மாதம். உட்கொள்ளும் அளவும் வரையறைக்குட்பட்டது. மூன்று விரலால் எடுப்பது திரிகடி. ஐந்து விரல்களின் நுனியால் எடுப்பது வெருகடி. வெருகு என்னும் காட்டுப்பூனையின் அடியைப் போல விரல்கள் குவிவதனால் இப்பெயர் அமைந்தது. அனுபானம், பத்தியம், உண்ணும் நாள்கள் ஆகியனவும் கூறப்படும். அளவு சிறிதாதலின் காலமும் வரையறுக்கப்பட்டது. வீரியம் குன்றுமாதலின் புதிதாகச் செய்தல் வேண்டப்பட்டது.

அடகிற்கும் சூரணத்திற்கும் இடையில் சமையலறைப் பொடி ஒன்றும் உண்டு. கறிவேப்பிலைப் பொடியும் முருங்கையிலைப் பொடியும் பருப்பு, மிளகாய், உப்பு சேர்த்து வறுத்து அரைக்கப்பட்டு, எண்ணெயோ நெய்யோ கலந்து சோற்றில் பிசைந்து உண்ணப்படுகின்றன. இவை கீரைக்கு மாற்றாகக் கருதப்பட்டவை அல்ல. சோற்றுக்குத் தொடுகறியாகவும், காயில்லா நாளின் துணையாகவும் இருந்தவை. சுண்டைக்காய், மணத்தக்காளி முதலியவற்றின் வற்றலைப் போல, விளைவு மிகுந்த பருவத்திலிருந்து குறைந்த பருவத்திற்கு உணவைக் கடத்துவதே உலர்த்துதலின் நோக்கம். பருவத்தைக் கடப்பதற்காகத் தோன்றிய முறை, இன்று நாளின் அவசரத்தைக் கடப்பதற்காகப் பயன்படுத்தப்படுகிறது.

உலகச் சூழலில் பச்சைப்பொடி

இன்றைய பச்சைப்பொடியின் நேர்முன்னோர் வேறு நாடுகளில் தோன்றின. அமெரிக்காவில் 1930களில் சார்லஸ் ஷ்னாபெல் என்னும் வேளாண் வேதியியலாளர், இளங்கோதுமைப் புல் முதலிய தானியப் புற்களை உலர்த்திப் பொடித்து முதலில் கோழிகளுக்கும் பின்னர் மனிதர்க்கும் உரியதாக்கினார். ஜப்பானில் இரண்டாம் உலகப்போர்க் கால உணவுத் தட்டுப்பாட்டின்போது எண்டோ நிரோ என்னும் மருத்துவர் பச்சை இலைகளைப் பிழிந்த சாற்றைப் பரிந்துரைத்தார். ஆவோஜிரு எனப்படும் அது இன்று பெரும்பாலும் பொடியாகவே விற்கப்படுகிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த என். டபிள்யூ. பிரீ, இலையிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து மனித உணவாக்கும் ஆய்வைப் பல்லாண்டுகள் நிகழ்த்தினார்.

அவ்வாய்வுப் போக்கு தமிழகத்தையும் தொட்டது. 1970களில் கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் இராஜம்மாள் தேவதாஸ் அவர்களும் உடன் ஆய்வாளர்களும் இலைப்புரதத்தைச் சிறார் உணவில் சேர்த்து ஆராய்ந்தனர். முளைக்கீரை வகையிலும் இலைப்புரதத்திலும் உள்ள பீட்டா கரோட்டினைச் சிறார் உடல் ஏற்கும் திறனும் அங்கு ஆராயப்பட்டது. சத்துக்குறைவுள்ள குழந்தைகளை முன்னிறுத்திய முயற்சி அது. இலைப்புரதம் பரவலான வீட்டு உணவாக மாறவில்லை. கரும்பச்சை நிறமும் புல்வாடையும் செலவும் உலகெங்கும் அதற்குத் தடையாயின. வறியோர்க்கென எண்ணப்பட்ட செறிந்த இலையுணவு, அரை நூற்றாண்டுக்குப் பின் வசதியுடையோரின் காலைப் பானமாக வேறு வடிவில் திரும்பியுள்ளது என்பது சுட்டத்தக்கது.

ஒரு தேக்கரண்டியின் கணக்கு

கீரைப்பொடியை மதிப்பிட எளிய கணக்கு ஒன்று போதும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச்சத்து அட்டவணையின்படி 100 கிராம் பச்சை முருங்கையிலையில் ஏறத்தாழ 77 கிராம் நீர், புரதம் 6 கிராமுக்குச் சற்று மிகுதி, கால்சியம் 300 மில்லிகிராமுக்குச் சற்று மிகுதி, இரும்பு 4.5 மில்லிகிராம் அளவு. நீர் நீங்கினால் எஞ்சுவது 23 கிராம். பொடியில் தங்கும் சிறிதளவு ஈரத்தையும் சேர்த்தால் 100 கிராம் இலையிலிருந்து சுமார் 25 கிராம் பொடி கிடைக்கும். அதாவது 4 பங்கு இலைக்கு 1 பங்கு பொடி.

இதன்படி 5 கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டிப் பொடி 20 கிராம் பச்சை இலைக்குச் சமம். அதில் கால்சியம் 63 மில்லிகிராம் அளவிலும், இரும்பு 1 மில்லிகிராமுக்குக் குறைவாகவும், புரதம் 1.3 கிராம் அளவிலும் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வயதுவந்தோர்க்கு நாளொன்றுக்குக் கால்சியம் 1000 மில்லிகிராமும், பெண்களுக்கு இரும்பு 29 மில்லிகிராமும் தேவை. ஒரு தேக்கரண்டி இவற்றுள் முறையே 6 விழுக்காட்டையும் 3 விழுக்காட்டையுமே தருகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், 2000 கிலோகலோரி உணவில் காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம் இருத்தல் வேண்டும் என்கிறது. 20 கிராம் இலை அதில் இருபதில் ஒரு பங்கு.

விளம்பரங்களில் இடம்பெறும் ஒப்பீடுகளையும் இக்கணக்கின் ஒளியில் காணலாம். பாலைவிடப் பன்மடங்கு கால்சியம் என்னும் கூற்று 100 கிராம் பொடியை 100 கிராம் பாலோடு ஒப்பிடுகிறது. நீர் நீக்கிய பொருளை நீர் மிகுந்த பொருளோடு எடைக்கு எடை நிறுத்துவது முறையன்று. பால் ஒரு குவளை குடிக்கப்படுகிறது. பொடியை 100 கிராம் அளவில் எவரும் ஒரு நாளில் உண்பதில்லை.

உலர்த்தும்போது எஞ்சுவனவும் இழப்பனவும் வேறுவேறு. கால்சியம், இரும்பு முதலிய தாதுக்கள் பெரும்பாலும் தங்கிவிடும். புரதமும் நார்ப்பொருளும் தங்கும். வைட்டமின் சி வெப்பத்தாலும் காற்றாலும் பெருமளவு அழியும். பீட்டா கரோட்டின் ஒளியால் சிதையும். வெயிலில் உலர்த்திய இலை பழுப்பதும் நிழலில் உலர்த்திய இலை பசுமை காப்பதும் இதன் வெளிப்படையான அடையாளங்கள். இலையிலுள்ள இரும்பை உடல் ஏற்க வைட்டமின் சி துணைபுரியும். ஆகவே பொடியில் இரும்பு எஞ்சினாலும் அதற்கு உதவும் சத்து குறைந்துவிடுகிறது. எலுமிச்சைச் சாற்றுடன் பொடியைச் சேர்ப்பதும், தேநீர் அருந்தும் வேளையிலிருந்து விலக்கி உண்பதும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். கரோட்டினை உடல் ஏற்கச் சிறிது கொழுப்பு வேண்டும். நீரில் கலந்து குடிப்பதைவிடச் சோற்றில் நெய்யோடு பிசைந்துண்ணும் பழைய முறை இவ்வகையில் பொருத்தமுடையது.

சிலர்க்குப் பொடி தீங்கு தரவும் கூடும். கீரைகளில் வைட்டமின் கே மிகுதி. குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோர் திடீரெனப் பொடியைத் தொடங்கினால் மருந்தின் செயல் மாறும். பசலை, தண்டுக்கீரை வகைகளில் ஆக்சலேட் மிகுதியாதலின் சிறுநீரகக் கல் உடையோர் கருத்தாக இருத்தல் வேண்டும். கீரையை வேகவைத்து நீரை வடிக்கும்போது ஆக்சலேட்டின் ஒரு பகுதி வெளியேறும். பச்சையாக உலர்த்திய பொடியில் அவ்வாய்ப்பு இல்லை.

ஆய்தலும் பொடித்தலும்

கீரையைச் சமையலுக்கு ஒழுங்குபடுத்துவதை ஆய்தல் என்பது வழக்கு. ஆய்வு என்னும் சொல்லுக்கும் இதுவே வேர். தொல்காப்பிய உரியியல், இருந்த ஒன்று நுணுகுதலை உணர்த்தும் சொற்களுள் ஒன்றாக ஆய்தலை வைக்கிறது. கீரை ஆய்வோர் பூச்சியரித்ததையும் பழுத்ததையும் முற்றிய தண்டையும் நீக்குகின்றனர். கீரையோடு கலந்து வந்த வேற்றுச்செடியைக் கண்டு விலக்குகின்றனர். கண்ணும் கையும் மூக்கும் இணைந்து நிகழ்த்தும் தரக்கட்டுப்பாடு இது. ஒவ்வொரு வீட்டிலும் பாட்டியிடமிருந்து பேர்த்திக்கு இவ்வறிவு கடத்தப்பட்டுவந்தது.

பொடித்த இலையில் இத்தேர்வு இயலாது. எல்லா இலைப்பொடியும் பச்சையே. தமிழ்ப் பெயர்கள் சில ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளுக்கு வழங்குவதும் சிக்கலை மிகுவிக்கிறது. நாட்டுப் பொன்னாங்கண்ணியும் சீமைப் பொன்னாங்கண்ணியும் வேறு இனங்கள். வெள்ளைப்பூக் கரிசாலையும் மஞ்சட்பூக் கரிசாலையும் வேறு பேரினங்கள். குப்பைக்கீரை உணவு, குப்பைமேனி மருந்து. செடியைப் பார்ப்பவர் இவற்றை மயங்கார். உறையின் பெயரை மட்டும் பார்ப்பவர்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இவ்விரு வகைமைகளின் மயக்கம் சட்டத்திலும் எதிரொலிக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் வெளியிட்ட விதிமுறைகள், உடல்நலத் துணையுணவாக விற்கப்படும் பொருளின் உறையில் அது மருந்துப் பயன்பாட்டிற்கு உரியதன்று எனவும், பலவகை உணவுக்கு மாற்றாகக் கொள்ளத்தக்கதன்று எனவும் அச்சிடுமாறு கூறுகின்றன. மருந்துமன்று, உணவுக்கு மாற்றுமன்று என்னும் இவ்விரட்டை மறுப்பு, அடகு சூரணம் என்னும் இரண்டிலும் அடங்காத பொருளின் நிலையைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் பொடியை நாடுவோர் பலர் இவ்விரண்டையும் எதிர்பார்த்தே நாடுகின்றனர்.

வீட்டில் செய்துகொள்வது இம்மயக்கத்தைக் குறைக்கும். நோயில்லாத முருங்கை இலையைக் கொத்தோடு பறித்து, நீரில் அலசி, ஈரம் வடியவிட்டு, காற்றோட்டமுள்ள நிழலில் பருத்தித் துணிமேல் மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இருமுறை புரட்டிவிட வேண்டும். விரலால் நசுக்கினால் நொறுங்கும் பதம் வந்ததும் பொடித்துச் சலித்து, ஒளிபுகாத கலத்தில் காற்றுப்புகாமல் மூடிவைக்கலாம். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். சூரணத்திற்குக் கூறப்பட்ட 3 மாத எல்லையை இதற்கும் கொள்வது தக்கது.

மிச்சமாகும் நேரம் யாருடையது

4 பங்கு இலைக்கு 1 பங்கு பொடி என்னும் விகிதம் உழைப்பிற்கும் பொருந்தும். 1 கிலோ முருங்கைப் பொடிக்கு 4 கிலோ உருவிய இலை தேவை. காம்போடு கணக்கிட்டால் அதனினும் மிகுதி. நீர் கூடிய முளைக்கீரை வகையாயின் 7 கிலோவுக்கும் மேற்படும். பறித்தல், உருவுதல், அலசுதல், உலர்த்துதல், புரட்டுதல் ஆகிய எல்லா வேலையும் யாரோ ஒருவரால் செய்யப்பட்டே ஆகவேண்டும். ஆகவே பொடி நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. ஒருவரது வீட்டிலிருந்து மற்றொருவரது கைக்கு அதனை இடம்மாற்றுகிறது.

அந்தக் கை மலைவாழ் பெண்ணின் கையாக இருக்குமாயின் இரண்டு விளைவுகள் நேரலாம். உரிய விலை கிடைத்தால், களையெனக் கழிக்கப்படும் இலையும் வேலியோர முருங்கையும் வருவாயாகும். சாமையைத் தீட்டி அரிசியாக்கி விற்பதுபோல் இலையையும் ஊரிலேயே பொடியாக்கினால் மதிப்புக்கூட்டலின் பயன் ஊரிலேயே தங்கும். விலை உரியதாக அமையாவிடில், வீட்டுக் கலத்திற்குரிய இலை மூட்டையாக மலையிறங்கும். மலைவீட்டில் கீரையின் இடத்தைக் கடைப்பண்டம் பிடிக்கும். பலவகை இலைகளுக்கு மாறாகச் சந்தை கேட்கும் ஓரிரு இலைகளே பறிக்கப்படும். கேட்பாரற்ற இலைகளின் பெயர்கள் முதலில் பேச்சிலிருந்தும் பின்னர் நினைவிலிருந்தும் மறையும்.

சட்டம் இதில் ஓரளவு துணைநிற்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூலின் மீதான உரிமையைப் பழங்குடியினர்க்கு வழங்குகிறது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், உயிர்வளத்தையும் அது சார்ந்த அறிவையும் வணிகத்திற்குப் பயன்படுத்துவோர் பயனைப் பகிர்ந்தளிக்க வழிசெய்கிறது. ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு அமைக்கவும் இடமளிக்கிறது. இதனை நடைமுறைப்படுத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையிலேயே இயங்குகிறது. எனினும் 2023ஆம் ஆண்டுத் திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவையும் பயிரிடப்பட்ட மருந்துத் தாவரங்களையும் பயன்பகிர்வுக் கடமையிலிருந்து விலக்கியுள்ளது. சித்த நூலில் ஏறிய இலை ஒரு நிலையிலும், மலையாளிப் பெண்ணின் வாய்மொழியில் மட்டும் வாழும் இலை மற்றொரு நிலையிலும் நிற்கின்றன. ஆதலின் வாய்மொழி அறிவைப் பதிவுசெய்யும் ஆய்வாளர், அது எவ்வூரின் அறிவு, எவரது இசைவோடு பெறப்பட்டது என்பவற்றையும் உடன்பதிதல் இன்றியமையாதது. ஊர்ப்பெயர் நீங்கிய பதிவு, இலைப்பெயர் நீங்கிய பொடியைப் போன்றதாகிவிடும்.

முடிவுரை

கீரைப்பொடி பயனற்ற பொருளன்று. கீரையே உண்ணாத நாளில் ஒரு தேக்கரண்டிப் பொடி ஒரு சிறு பிடி இலையின் சத்தைத் தரும். அதற்கு மேற்பட்ட எதிர்பார்ப்பை அதன் அளவு தாங்காது. தமிழ் மரபில் கைப்பிடி அளவில் நாள்தோறும் உண்ணப்பட்ட அடகும், விரல்நுனி அளவில் சில நாள் உட்கொள்ளப்பட்ட சூரணமும் தத்தம் எல்லையில் பொருத்தமுடையனவாக இருந்தன. மருந்தின் அளவை உணவின் ஒழுங்கில் வைக்கும்போதே பொய்யான நிறைவு தோன்றுகிறது. நேரமில்லாதார், வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் கீரையைக் கறியாகச் சமைத்து, எஞ்சிய நாளில் பொடியைச் சோற்றோடு சேர்த்துக்கொள்வது இயலக்கூடிய இடைவழியாகும்.

பொடி விற்போர் உறையில் இலையின் தமிழ்ப்பெயர், தாவரவியற்பெயர், விளைந்த ஊர், பொடித்த மாதம், ஒரு தேக்கரண்டி எத்தனை கிராம் பச்சை இலைக்குச் சமம் என்பன இடம்பெறுதல் வேண்டும். தமிழாய்வுத் துறையினர்க்கும் இதில் பணி உண்டு. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, பீஞ்சமந்தைப் பகுதிகளில் வழங்கும் கீரைப்பெயர்களை, அவை பறிக்கப்படும் பருவம், சமைக்கும் முறை, விலக்கும் சூழல் ஆகியவற்றோடு ஊர்வாரியாகத் தொகுத்தல் உடனடித் தேவையாகும். களையெடுப்புக் காலத்தில் அம்மக்களோடு வயலில் இருந்தே அத்தொகுப்பைச் செய்ய முடியும். கோடையில் சென்றால் செடியும் இராது, பெயரைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பும் இராது.